சுவருக்குத் திரும்பிய தூரிகை

நாட்டின் அழகிய ரயில் நிலையங்களுக்கான பரிசுகளை ரயில்வே அமைச்சகம் 2018-ஆம் ஆண்டு அறிவித்தபோது, இரண்டாம் இடத்தை இரு நிலையங்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று மதுரை. மற்றொன்று பிகாரில் நேபாள எல்லையை ஒட்டி அமைந்துள்ள மதுபனி. மதுரை பரிசு பெற்ற செய்தி தமிழகத்தில் மகிழ்ச்சியுடன் வாசிக்கப்பட்டது. உடன் பரிசு பெற்ற ஊரைப் பற்றித் தமிழகத்தில் அதிகம் பேசப்படவில்லை. ஆனால், பேசப்பட வேண்டிய கதை மதுபனியில்தான் இருந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு வரை, நாட்டின் அசுத்தமான ரயில் நிலையங்களுள் ஒன்று என்ற பெயர்தான் மதுபனிக்கு இருந்தது. 2017 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, கிழக்கு மத்திய ரயில்வேயின் சமஸ்திபூர் கோட்டம் அளித்த வாய்ப்பை ஏற்று உள்ளூர் ஓவியர்கள் தூரிகைகளுடன் அந்நிலையத்துக்கு வந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் இப்பணியில் ஈடுபட்டனர். அவர்களுள் பெண்களே பெரும்பான்மையினர். சீதையின் பிறப்பு, வில் முறித்தல், கண்ணனின் லீலைகள், மைதிலிக் கவிஞர் வித்யாபதி, கிராமத்து அன்றாட வாழ்க்கை எனச் சுவர்கள் நிரம்பின. 7,000 சதுர அடிக்கும் அதிகமான பரப்பு அந்த மாதமே வண்ணம் பெற்றது.

இதற்குக் கூலி கிடையாது. அரசின் மொழியில் இதற்குப் பெயர் "சிரமதானம்'.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்திட்டத்தைக் குறை கூறிவிடுவது எளிது. ஆனால், வந்தவர்கள் ஏமாற்றப்பட்டு வந்தவர்கள் அல்லர், விரும்பி வந்தவர்கள். எதற்காக வந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள மிதிலைப் பெண்களுக்கும் சுவருக்கும் உள்ள உறவைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் இருந்த சுவர்

கம்பனை வாசித்தவர்களுக்கு மிதிலை புதிய ஊரல்ல. ஜனகனின் நாடு என்று மரபு சொல்லும் அந்தப் பகுதியில் திருமணத்தின்போது மணமக்களுக்கென ஓர் அறையை ஒதுக்கி அதன் சுவரில் வீட்டுப் பெண்கள் ஓவியம் தீட்டுவர். அந்த அறைக்குக் "கோபர் கர்' என்று பெயர். தாமரைக் குளம், அதை ஊடுருவி எழும் மூங்கில், கிளி, மீன், ஆமை, சூரியன், சந்திரன் என அதன் உருவங்கள் அனைத்தும் வம்ச விருத்தியை வேண்டுபவை. தரையில் அரிசி மாவைக் கரைத்து இடும் "அரிபன்', நம் வீட்டு வாசல் மாக்கோலத்தின் உடன்பிறந்தாள் என்றே சொல்லலாம்.

மண் சுவர், சாணிப் பூச்சு, விளக்குக் கரி, மஞ்சள், மூங்கில் குச்சியின் நுனியில் சுற்றிய பஞ்சு. தேவைப்பட்டவை இவ்வளவுதான். பள்ளிக்கூடம் இல்லை, கையெழுத்திடுபவரும் இல்லை. தாயிடம் மகள் கற்றாள். அடுத்த திருமணத்துக்கோ அடுத்த பூசைக்கோ அதே சுவர் மீண்டும் பூசப்படும். பழைய ஓவியம் மறையும். அழிவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வரையும் கை வீட்டிலேயே இருந்தது.

வெளியுலகம் இதைக் கண்டது ஒரு பேரழிவின் வழியாக. 1934 ஜனவரி 15-இல் பிகாரை உலுக்கிய பூகம்பத்தில் வீடுகள் இடிந்து விழுந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்ற பிரிட்டிஷ் அதிகாரி டபிள்யூ.ஜி. ஆர்ச்சர், பிளந்து கிடந்த வீடுகளின் உட்சுவர்களில் இந்த ஓவியங்களைக் கண்டார். அவற்றைப் படம் பிடித்தார். 1949-இல் "மார்க்' இதழில் அவர் எழுதிய கட்டுரையே கலை உலகுக்கு மிதிலை ஓவியத்தை அறிமுகப்படுத்தியது. வீடு இடியாதிருந்தால் அந்நிய ஆடவர் ஒருவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்திருக்க முடியாது.

காகிதம் வந்த பிறகு

இரண்டாவது திருப்பமும் துயரத்திலிருந்தே வந்தது. 1966-67-இல் பிகாரில் கடும் வறட்சி. நிவாரணப் பணியாக மண் வெட்டுவதும் சாலை போடுவதும் மட்டும் போதாது, பெண்களின் கைத்திறனையும் வருவாயாக்கலாம் என்ற யோசனை பூபுல் ஜயகரின் முயற்சியால் உருவானது. அகில இந்திய கைவினை வாரியத்தின் சார்பில் ஓவியர் பாஸ்கர் குல்கர்னி மதுபனி கிராமங்களுக்குக் காகிதக் கட்டுகளுடன் சென்றார். "சுவரில் வரைவதை இதில் வரையுங்கள்' என்பதே அவர் கேட்டுக்கொண்டது.

அடுத்து நடந்தது பலரும் அறிந்ததே. ஜிதுவார்பூரைச் சேர்ந்த ஜகதம்பா தேவி 1975-இல் பத்மஸ்ரீ பெற்றார். சீதா தேவி 1981-இல் பெற்றார். ஜப்பானில் நீகாட்டா மாகாணத்தில் மிதிலை ஓவியங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. 2007-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால், காகிதம் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோல் கை கொடுக்கவில்லை. சுவரில் வரைந்தபோது சந்தை தேவைப்படவில்லை. காகிதத்தில் வரைந்தால் அதை வாங்க ஒருவர் வேண்டும். வாங்குபவரிடம் கொண்டு சேர்க்க மற்றொருவர் வேண்டும். தில்லி கண்காட்சிக்கு வரக் கூடியவர், விலை பேசத் தெரிந்தவர், ஆடவர் துணை உள்ளவர் முன்னேறினர். மற்றவர்கள் இடைத்தரகரிடம் கிடைத்த விலைக்குக் கொடுத்தனர். அல்லது நிறுத்திக்கொண்டனர்.

அதே காலத்தில் வீட்டுச் சுவரும் மாறியது. மண் சுவர் இருந்த இடத்தில் செங்கல்லும் சிமென்ட்டும் வந்தன. கோபர் ஓவியத்தைக் காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டிவிடும் வழக்கமும் பரவியது. தாயிடம் கற்றுக்கொண்டதை மாமியார் வீட்டில் தொடர இடம் இல்லாத பெண்கள் பெருகினர். மதுபனியில் கோடு இழுக்கத் தெரிந்த கைகள் ஏராளம். அந்தக் கோட்டால் பிழைப்பவை அவற்றுள் ஒரு பகுதிதான்.

சாதியும் இதில் உண்டு. பிராமணப் பெண்கள் வண்ணம் நிரப்பும் "பர்னி' முறையும், காயஸ்தப் பெண்கள் நுண்கோடுகளால் ஆன "கச்னி' முறையும் முதலில் புகழ் பெற்றன. தலித் பெண்கள் பச்சை குத்தும் உருவங்களிலிருந்து தங்களுக்கென "கோத்னா' முறையை உருவாக்கிக்கொண்டனர், தங்கள் வீரத் தெய்வமான ராஜா சல்ஹேஸின் கதையை வரைந்தனர். அவ்வழியில் வந்த சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதியர் 2024-இல்தான் பத்மஸ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டனர். ஜகதம்பா தேவிக்கும் அவர்களுக்கும் இடையே 49 ஆண்டுகள்.

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்ய வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அணிந்திருந்த புடவை தொலைக்காட்சிகளில் பேசுபொருளானது. அதைத் தீட்டி அவருக்குப் பரிசளித்தவர் துலாரி தேவி. ராண்டி கிராமத்தில் மீனவர் சமூகத்தில் பிறந்தவர். இளம் வயதுத் திருமணம் முறிந்து, குழந்தையையும் இழந்து தாய்வீடு திரும்பியவர். ஓவியர்கள் மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி ஆகியோரின் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை பெருக்கிய காலத்தில் அவர்கள் வரைவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. அவரது வாழ்க்கையை அவரது ஓவியங்களுடன் 2010-இல் நூலாக்கியது சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் என்பது பலரும் அறியாத செய்தி. ஓவியரின் வீட்டு வேலைக்குப் போனதால் அவருக்குத் தூரிகை கிடைத்தது. வேறு வீட்டு வேலைக்குப் போயிருந்தால்?

இந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடைதான் ரயில் நிலையச் சுவர். அங்கு நுழைய யாருடைய வீட்டு வாசலையும் கடக்க வேண்டியதில்லை. விலை பேச வேண்டியதில்லை. வாங்குபவர் வருவாரா எனக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தச் சாதியினரானாலும் ஒரு பயணச்சீட்டு போதும், அல்லது நடைமேடைச் சீட்டு போதும், வரைந்ததைக் காண. உட்சுவரில் ஒரு குடும்பத்துக்காக வரையப்பட்டது, ஊருக்கே பொதுவான சுவருக்கு வந்தது. பணம் இல்லை என்று தெரிந்தும் 200-க்கும் மேற்பட்டோர் வந்ததன் பொருள் இதுவாகவே இருக்க வேண்டும்.

மதுபனிக்கு இது முதல் பொது முயற்சியும் அல்ல. 2012-இல் சாலையோர மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க, ஒரு தன்னார்வ அமைப்பின் முயற்சியால் மரங்களின் அடிப்பகுதியில் தெய்வ உருவங்களை ஓவியர்கள் தீட்டினர். சாமி இருக்கும் மரத்தில் கோடரி வைக்கக் கை கூசும் என்பது கணக்கு.

தில்லியில் இருந்த கோபர் கர்

கைவிட்ட தூரிகையைச் சுவர் மீட்டுத் தரும் என்பதற்கு மதுபனியை விடவும் ஆழமான சான்று தலைநகரில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1928-இல் பிறந்த கங்கா தேவி, கச்னி முறையின் ஈடிணையற்ற ஓவியர். கணவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்ட பின் ஆதரவின்றி நின்றவர் அவர். காகித ஓவியமே அவருக்கு வாழ்வளித்தது. 1984-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1985-இல் அமெரிக்காவில் நடைபெற்ற இந்தியத் திருவிழாவுக்குச் சென்று வந்து, அங்கு கண்ட கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டின ரயிலையும் மிதிலைக் கோடுகளில் வரைந்தார். பிறகு புற்றுநோய் தாக்கியது. சிகிச்சைக்காகத் தில்லி வந்தார். மருத்துவமனை நாள்களையே ஒரு வரிசை ஓவியங்களாகத் தீட்டினார்.

அந்த நிலையில்தான் பிரகதி மைதானத்தையொட்டிய தேசிய கைவினை அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநர் ஜோதீந்திர ஜெயின் காலத்தில், அருங்காட்சியகச் சுவர்களில் ஒரு கோபர் கர் வரையும் பணியை அவர் மேற்கொண்டார். கீமோதெரபிக்கு இடையே, உடல் இடம் கொடுத்த நாள்களில் வரைந்து முடித்தார். சிறுமியாகக் கற்றுக்கொண்ட இடமான சுவருக்கே கடைசியில் திரும்பினார். 1991-இல் காலமானார்.

ஏறத்தாழ கால் நூற்றாண்டு நின்ற அந்தச் சுவர் ஓவியம், 2015-இல் அருங்காட்சியகத்தின் சீரமைப்புப் பணியின்போது அழிந்தது. செய்தி வெளியானபோது கலை ஆர்வலர்கள் கண்டித்தனர். மிதிலைக் கிராமத்தில் சுவர் பூசப்படும்போது அடுத்த ஓவியம் வரைய அதே வீட்டில் ஒரு பெண் இருந்தாள். தில்லியில் கங்கா தேவி இல்லை. மரபில் அழிவது வேறு, அருங்காட்சியகத்தில் அழிவது வேறு என்ற வேறுபாட்டை உணரக் கலை விமர்சகராக இருக்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது

பொதுச் சுவரில் உள்ள கலைப் படைப்பு யாருடையது? இக்கேள்வியைத் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கெனவே எதிர்கொண்டிருக்கிறது.

விஞ்ஞான் பவனின் முகப்பு மண்டபத்துக்கென சிற்பி அமர்நாத் சேகலிடம் 1957-இல் மத்திய அரசு ஒரு வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைக் கோரியது. 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட அப்படைப்பு 1962-இல் நிறைவடைந்தது. உழவும் தொழிலும் கிராமமும் அதில் இருந்தன. 1979-இல் கட்டடச் சீரமைப்பின்போது படைப்பாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அது பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது. சேகல் முறையிட்டார், பயனில்லை. 1992-இல் வழக்குத் தொடர்ந்தார்.

2005 பிப்ரவரி 21-இல் நீதிபதி பிரதீப் நந்திரஜோக் தீர்ப்பளித்தார். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 57-ஆவது பிரிவு, படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகிறது. முற்றாக அழிப்பதும் சிதைப்பின் உச்சமே என்றது தீர்ப்பு. எஞ்சிய சிற்பத்தைச் சேகலிடம் திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் அரசுக்கு உத்தரவிடப்பட்டது. சேகல் 2007-இல் மறைந்தார்.

மதுபனி நிலையம் பெற்ற இரண்டாம் பரிசின் தொகையும் 5 லட்சம் ரூபாய்தான். அதை 200 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 2,500 ரூபாய் வரும். ஆனால், பரிசு நிலையத்துக்கு உரியது, ஓவியருக்கு அல்ல.

சேகல் வழக்கின் தீர்ப்பை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. பிரகதி மைதானத்தின் "தேசங்களின் அரங்கம்' 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டதை எதிர்த்து அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடர்ந்த வழக்கில், 2019-இல் அதே உயர் நீதிமன்றம் நில உரிமையாளரின் பக்கம் சாய்ந்தது. முழுவதும் இடிக்கப்பட்ட கட்டடத்தால் அதை வடிவமைத்தவரின் நற்பெயர் கெடாது என்பது நீதிமன்றத்தின் வாதம். அது கட்டடம் பற்றிய வழக்கு, ஓவியம் பற்றியதல்ல என்பது உண்மை. ஆனால், சுவர் இல்லாமல் சுவரோவியம் ஏது?

சேகல் புகழ் பெற்ற தனிமனிதர். அவரிடம் அரசு அளித்த ஒப்பந்தம் இருந்தது. 13 ஆண்டுகள் வழக்கு நடத்தும் வலு இருந்தது. கூட்டாக வரையப்பட்ட ஒரு நிலையச் சுவரில் எந்தப் பகுதி எவர் கைவண்ணம் என்ற பதிவு முறையாக வைக்கப்படாவிட்டால், 57-ஆவது பிரிவை எழுப்பப்போவது யார்?

யாருடைய சுவர்?

மதுபனி நிலையத்தின் வெற்றிக்குப் பின், 2018 ஆகஸ்டில் தர்பங்கா - புது தில்லி இடையே ஓடும் பிகார் சம்பர்க் கிராந்தி விரைவு ரயிலின் பெட்டிகளிலும் மிதிலை ஓவியங்கள் தீட்டப்பட்டன. தில்லியின் கட்டுமானத் தளங்களுக்கும் பட்டறைகளுக்கும் மிதிலை இளைஞர்களைச் சுமந்து வரும் ரயில்களுள் ஒன்று அது. ஆண்கள் வெளியே செல்ல, ஊரில் தங்கிய பெண்களின் கை ரயிலேறித் தலைநகர் வந்தது.

தலைநகரிலும் சுவர்கள் வண்ணம் பெற்று வருகின்றன. அரசு ஊழியர் குடியிருப்பான லோதி காலனியின் நெடிய சுவர்கள் 2015-16 முதல் இந்திய, அயல்நாட்டு ஓவியர்களால் திறந்தவெளிக் கலைக்கூடமாயின. 2024 ஜூலையில் உலகப் பாரம்பரியக் குழுவின் கூட்டம் தில்லியில் நடைபெற்றபோது, மத்திய கலாசார அமைச்சகம் லலித் கலா அகாதெமி மூலம் "பரி' என்னும் பொதுக் கலைத் திட்டத்தைச் செயல்படுத்தியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து 150-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்கேற்றனர். அயல்நாட்டு விருந்தினர் வருகையில் சுவருக்கு மதிப்பு கூடுகிறது. விருந்தினர் போன பின் அதை யார் பராமரிப்பது என்பதற்குத்தான் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும்.

சிரமதானம் என்ற சொல்லுக்கு மீண்டும் வருவோம். ஊர்க் குளத்தை ஊரார் கூடித் தூர் வாருவது சிரமதானம். அதில் எல்லோரும் மண் சுமப்பர். ஆனால், நிலையத்துக்குச் சிமென்ட் விற்றவரிடமோ வண்ணம் விற்றவரிடமோ விளக்குப் பொருத்திய ஒப்பந்ததாரரிடமோ யாரும் தானம் கேட்பதில்லை. கலைஞரிடம், குறிப்பாகப் பெண் கலைஞரிடம் மட்டும் கேட்கத் தயக்கம் ஏற்படுவதில்லை. வீட்டுச் சுவரில் அவள் கூலி கேட்டதில்லை என்பது இதற்கு நியாயமாகாது. அந்தச் சுவர் அவள் வீட்டினுடையது. இது ரயில்வேயின் சொத்து.

நாடு முழுவதும் 1,000-க்கும் மேற்பட்ட நிலையங்களைப் புதுப்பிக்கும் "அம்ருத் பாரத்' திட்டத்தின் பிகார் பட்டியலில் மதுபனியும் இடம்பெற்றுள்ளது. மதுரை நிலைய மறுசீரமைப்புக்கு 2022 மே 26-இல் சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2018-இல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இரு நிலையங்களுக்கும் இப்போது கடப்பாறையும் பொதுவாகிவிட்டது. நிலையங்களின் புதிய வடிவமைப்பில் உள்ளூர்க் கலைக்கும் பண்பாட்டுக்கும் இடம் இருக்கும் என்பது அத்திட்டத்தின் அறிவிப்பு. புதிய சுவர்கள் எழும்போது மதுபனியில் தூரிகையுடன் வரிசையில் நிற்கப் பெண்கள் தயங்கப்போவதில்லை. அந்தச் சுவருக்கான மதிப்பீட்டுப் பட்டியலில் சிமென்ட், கம்பி, கொத்தனார் கூலி ஆகியவற்றுக்குக் கீழே ஓவியர் கூலி என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.